புது ஷேப் வாகனமும் வன்னிக்கு வராத கடிதமும்

கிளிநொச்சிப் பக்கம் ஒருவர் வாகனம் வாங்கப் போகிறார் என்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு கேள்விகள் உடனே வரும். "எந்த வருஷம்?" என்பது ஒன்று. "புது ஷேப்போ, பழைய ஷேப்போ?" என்பது அடுத்தது. புது ஷேப் என்று சொன்னால் கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். கூடக் கொடுத்த இலட்சங்களுக்கு அந்த மலர்ச்சியே போதும் என்று வாங்கியவரும் நிம்மதியாகிவிடுவார்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. ஐந்து வருஷமாக இருந்த வாகனங்களையே கைமாற்றிக் கைமாற்றி ஓடிய ஊர் இது. கண் புதுசைத் தேடுவது இயல்புதான். பாவித்த கார் என்றால் மூன்று வருஷத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டதால், இப்போது வந்து இறங்குபவற்றில் பல, ஜப்பானிலேயே அண்மையில் வடிவம் மாறிய மொடல்கள்.

அந்த இரண்டு கேள்விகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த வாகனம், அந்த ஷேப் சந்தைக்கு வந்த எத்தனையாவது வருஷத்தில் செய்யப்பட்டது? வாகனத்தில் அடித்திருக்கும் தனி இலக்கமான செஸி நம்பருக்கு முடிக்கப்படாத ரீகோல், அதாவது குறையைத் திருத்தக் கம்பனி விடுத்த அழைப்பு, ஏதும் இருக்கிறதா? அட்வான்ஸ் காசு கொடுக்கும் முன் இந்த இரண்டையும் கேட்டுவிட்டால், வன்னியில் பல குடும்பங்கள் லீசிங் கட்டிக்கொண்டே கராச்சுக்கும் காசு கட்டும் நிலை குறையும். சில வேளை உயிரும் தப்பும்.

முதல் கேள்விக்கு, எங்கள் வீதிகளில் நிறையவே ஓடும் ஒரு வாகனத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். ஹொண்டா ஃபிட்டின் மூன்றாம் தலைமுறை 2013 செப்ரெம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதே தொழில்நுட்பத்தில் ஹொண்டாவின் வெசல் அந்த வருஷ டிசெம்பரில் வந்தது. பெற்றோல் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் மின்மோட்டாரையும் (இதுதான் ஹைபிரிட்) ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளச் பெட்டியையும் ஒன்றாக இணைத்த புத்தம் புது அமைப்பு அது. எரிபொருள் சிக்கனத்தில் அந்த நேரத்தில் எல்லோரும் வியந்தார்கள். ஆனால் 2014 ஒக்ரோபர் முடிவதற்குள் ஃபிட் ஹைபிரிட்டுக்கு ஐந்து ரீகோல்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. கியர் பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பிழை, எதிர்பாராமல் வேகம் எடுக்கும் பிழை என்று ஒன்றன்பின் ஒன்று. ஐந்தாவது ரீகோலில் மற்ற மொடல்களும் சேர்ந்து நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள். ஹொண்டாவின் அப்போதைய தலைவர் தகனோபு இட்டோ தன் சம்பளத்தில் 20 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்து வரவிருந்த மொடல்களின் வெளியீட்டையும் தள்ளிவைத்து, தரத்தை மறுபடி சோதித்தார்கள்.

அதே வெசல் பின்னர் எத்தனையோ திருத்தங்களைக் கண்டது. 2021இல் வந்த அடுத்த தலைமுறையில் அந்த இரட்டைக் கிளச் அமைப்பையே விட்டுவிட்டு, இரண்டு மோட்டார் கொண்ட வேறு ஹைபிரிட் முறைக்குப் போய்விட்டார்கள். ஆகவே "வெசல் நல்லதா, கூடாததா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த மாதம் செய்தது, அதற்கான ரீகோல் வேலைகள் முடிந்தனவா என்று கேட்டால்தான் பதில் உண்டு.

ஏன் முதல் வருஷத்தில் இப்படி நடக்கிறது? புது ஷேப் என்று நாங்கள் சொல்வது வெளியே தெரியும் விளக்கையும் பம்பரையும். உள்ளே மாறுவது அதைவிடப் பல மடங்கு. தகடு அடிக்கும் அச்சு புதிது, வயர் கட்டு புதிது, சில பாகங்களைச் செய்து கொடுக்கும் கம்பனியே புதிது, தொழிற்சாலையில் பூட்டுகிறவர்களின் கைப்பழக்கம் புதிது. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினும் மோட்டாரும் பிரேக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மென்பொருள் புதிது. சோதனை ஓட்டத்தில் சில நூறு வாகனங்கள் ஓடியிருக்கும். விற்ற பிறகு இலட்சக் கணக்கானவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான சாரதியோடு, வெயிலிலும் மழையிலும் மேட்டிலும் ஓடும்போதுதான் மிச்சப் பிழைகள் வெளியே வரும். புது நெல்லினம் ஒன்று வந்தால் எங்கள் கமக்காரர் முழு வயலிலும் விதைக்க மாட்டார்கள். ஒரு துண்டில் போட்டுப் பார்ப்பார்கள், அல்லது பக்கத்து வயல்காரன் போட்டதைப் பார்ப்பார்கள். அந்த நிதானம் இலட்சங்கள் கொடுத்து வாங்கும் வாகனத்தில் ஏனோ வருவதில்லை.

பெயர் பெற்ற கம்பனி என்பதாலும் இதில் தப்ப முடியாது. ரொயோட்டா தன் முதல் பெரிய மின்சார வாகனமான பிசட்4எக்ஸ்ஸை 2022 மேயில் ஜப்பானில் வெளியிட்டது. இரண்டு மாதம் ஆவதற்குள், ஜூனில், சில்லைப் பிடித்திருக்கும் ஆணிகள் தளர்ந்து சில்லே கழன்றுபோகலாம் என்று சொல்லி, உலகெங்கும் விற்ற சுமார் 2,700 வாகனங்களையும் ஓட வேண்டாம் என்று நிறுத்தியது. திருத்த வழி கண்டுபிடிக்கவே ஒக்ரோபர் ஆனது. இடையில், விரும்பியவர்களிடமிருந்து வாகனத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. அமெரிக்காவில் அதே கம்பனியின் டண்ட்ரா பிக்கப், நீண்ட காலம் உழைத்த வி8 எஞ்சினை விட்டு இரட்டை ரேர்போ பூட்டிய வி6 எஞ்சினோடு 2022 மொடலாக உருமாறி வந்தது. எஞ்சின் செய்யும்போது உள்ளே தங்கிய உலோகத் துகள்களால் எஞ்சின் பழுதாகலாம் என்று 2024இல் சுமார் ஒரு இலட்சம் வாகனங்களை அழைத்தார்கள். சில்லு ஆணியும் எஞ்சினைக் கழுவுவதும் நூறு வருஷமாக மனிதனுக்குத் தெரிந்த வேலைகள். புதிதாகத் தொடங்கும்போது அவையும் பிழைக்கும்.

இதை வாசித்துவிட்டு, ரீகோல் வந்த வாகனம் என்றாலே கூடாத வாகனம் என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம். எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தப் பிழை நிறைய இருக்கிறது. "அதுக்கு ரீகோல் வந்ததாம், தொடாதே" என்பார்கள். ரீகோல் என்பது குறையை ஒப்புக்கொண்டு, இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்று செய்தவர் அழைப்பது. அழைக்காமல் மறைப்பதுதான் பயங்கரம். மிற்சுபிசி மோட்டோர்ஸ் இருபது வருஷத்துக்கும் மேலாக வாடிக்கையாளர் முறைப்பாடுகளை அரசாங்கத்துக்குக் காட்டாமல் மறைத்தது 2000ஆம் ஆண்டு அம்பலமானது. அதோடு முடியவில்லை. 2002 ஜனவரியில் யொக்கோகாமாவில் அதே கம்பனியின் பெரிய லொறி ஒன்றின் சில்லு கழன்று ஓடி, பிள்ளைகளோடு நடந்துபோன ஒரு தாயை அடித்துக் கொன்றது. சில்லைத் தாங்கும் ஹப்பில் இருந்த குறையை, பராமரிப்புப் பிழை என்று கம்பனி சொல்லிக்கொண்டிருந்தது. 2004இல்தான் தன் குறை என்று ஒப்புக்கொண்டது. ரீகோல் பட்டியல் நீளமாக இருக்கும் கம்பனியைவிட, பட்டியலே இல்லாத கம்பனியைப் பற்றித்தான் நான் கூடப் பயப்படுவேன்.

சரி, அழைக்கிறார்கள். யாருக்குக் கேட்கிறது?

கனடாவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அவர்களுடைய வாகனத்தின் ரீகோல் கடிதம் தபாலில் வரும். அமெரிக்காவிலும் வாகன உரிமையாளருக்குத் தபாலில் அறிவித்து, இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஜப்பானில் 1969 முதல் ரீகோல் முறை நடைமுறையில் உண்டு. அங்கே கடிதம் போவது, பதிவேட்டில் இருக்கும் கடைசி ஜப்பானிய உரிமையாளருக்கு. அவர் அந்த வாகனத்தை எப்போதோ விற்றிருப்பார். அது ஏலத்தில் போய், கப்பல் ஏறி, ஹம்பாந்தோட்டையில் இறங்கி, கொழும்பில் ஒரு கை, குருநாகலில் ஒரு கை, வவுனியாவில் ஒரு கை என்று மாறி, கடைசியில் புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டு மா மரத்தின் கீழ் நிற்கும். அந்தக் கடிதம் எந்த வழியாக அங்கே வரும்? இங்கேயும் பதிவைப் பார்த்தால் பெயர் குழம்பிக் கிடக்கிறது. லீசிங் முடியாத வாகனத்துக்கு முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமல், கைமாறிய வாகனத்துக்குப் புத்தகத்தில் இருப்பவர் மூன்று ஆட்களுக்கு முன்னால் வைத்திருந்தவர். கம்பனி மனம் வைத்துத் தேடினால்கூட, இப்போது ஓட்டிக்கொண்டிருப்பவரின் வாசலுக்கு வர முடியாது.

இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதற்கு தகாத்தா எயார் பாக் ஒன்றே போதும். வாகனம் மோதும் கணத்தில் பையை ஊத வைக்க ஒரு சிறு வெடிமருந்து வேண்டும். ஜப்பானின் தகாத்தா கம்பனி அதற்கு அமோனியம் நைத்திரேற்றைப் பாவித்தது. பலவற்றில் ஈரத்தை உறிஞ்சும் பொருளும் சேர்க்கவில்லை. வெப்பமும் ஈரமும் பகலிலும் இரவிலும் மாறி மாறி வருஷக் கணக்கில் தாக்கும்போது அந்த மருந்து உதிர்ந்து, எரியவேண்டிய வேகத்தைவிட வேகமாக எரியும். அப்போது பை ஊதுவதோடு நிற்காது. மருந்தை வைத்திருக்கும் உலோகக் கூடு வெடித்து, அதன் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் இப்படி இறந்திருக்கிறார்கள். மலேசியாவில் 2014இல் ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தார். உலகம் முழுவதும் சுமார் பத்துக் கோடி எயார் பாக் ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வாகன வரலாற்றிலேயே பெரிய ரீகோல் அது. தகாத்தா கம்பனி 2017 ஜூனில் வங்குரோத்தானது.

அமெரிக்காவில் ரீகோல் வேலையை முதலில் செய்யச் சொன்னது ஃபுளோரிடா, போர்ட்டோ ரிக்கோ போன்ற வெக்கையும் ஈரமும் கூடிய இடங்களில். வன்னியில் இருக்கும் ஒருவர் இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் வாகனத்துக்குள் கை வைக்க முடியாது. மாரியில் மாதக் கணக்கில் எல்லாம் நனைந்து கிடக்கும். இந்தக் குறை வயது கூடக் கூடத்தான் ஆபத்தாகும். இறக்குமதி நின்ற ஐந்து வருஷத்தில் எங்களிடம் தங்கிப்போன வாகனங்களில் பல, 2000களிலும் 2010களின் முதல் பாதியிலும் செய்தவை. தகாத்தா பூட்டப்பட்ட காலமும் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏ9இல் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும், கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் கட்டாக்காலி மாடுகள் தாரின் சூட்டுக்கு வீதியிலேயே படுத்திருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சத்தில் கண் கூசி, மாட்டில் மோதும் விபத்து இங்கே புதினமில்லை. எயார் பாக் விரியும் மோதல் என்றால் எங்களுக்கு அதுதான். பெரிய விபத்தில் உயிரைக் காக்க வைத்த பை, தப்பக்கூடிய ஒரு விபத்தில் உயிரை எடுக்கக்கூடாது.

ஜப்பான் அரசாங்கம் 2018 மேயிலிருந்து, ஆபத்துக் கூடிய தகாத்தா எயார் பாக்கை மாற்றாத வாகனங்களுக்கு வீதியில் ஓடுவதற்கான பரிசோதனைச் சான்றே கொடுப்பதில்லை. ஆனால் அதற்கு முன்பே கப்பல் ஏறியவை எங்களிடம் இருக்கின்றன.

"எங்கட கராச்சில செய்யாத வேலையா?" என்று ஒரு நம்பிக்கை வன்னியில் உண்டு. அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய ஊர் இது. மொறிஸ் மைனரும் ஏ40யும் ஹொண்டா சி90யும் அப்படித்தான் ஓடின. இல்லாத பாகத்தைக் கடைந்து செய்தார்கள். உடைந்ததை ஒட்டினார்கள். அந்தக் கைகளின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு எந்தக் காலத்திலும் குறையாது. ஆனால் அந்த வாகனங்களின் குறை கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது. பரந்தனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணையே இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்:

"தம்பி, எஞ்சின் பழுதெண்டா சத்தத்திலயே சொல்லிப்போடுவன். இது புரோகிராமில இருக்கிற பிழை. ஸ்கானரைப் போட்டா கோட் வரும், அழிக்கலாம், நாளைக்குத் திரும்ப வரும். புதுப் புரோகிராம் கம்பனியிட்டத்தான் இருக்கு. அதை நான் எங்க போய்க் கடையிறது?"

ஹைபிரிட் வாகனங்களின் ரீகோல்களில் பல மென்பொருளைப் பற்றியவை. மூன்றாம் தலைமுறை பிரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தைக் கூட்டி அனுப்பும் பகுதியில் மென்பொருள் பிழையால் பாகங்கள் சூடேறிப் பழுதாகலாம் என்று 2014 பெப்ரவரியில் 19 இலட்சம் வாகனங்களை ரொயோட்டா அழைத்தது. 2018இல் அதே தலைமுறை வாகனங்கள் உட்பட 24 இலட்சத்தை மறுபடி அழைத்தது, முதல் திருத்தம் எல்லா நிலைமைக்கும் போதவில்லை என்று. ஆகவே "ஒருக்கா செய்தாச்சு" என்று விற்பவர் சொன்னாலும் எந்த வருஷ ரீகோலைச் செய்தார் என்று கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது வாகனம் சக்தி இழந்து நிற்பது, கொழும்பில் நின்றால் ஒரு தொலைபேசி அழைப்பு. ஒட்டுசுட்டான் காட்டு வீதியில் இரவு, நோயாளியை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஹயர் ஓடும்போது நின்றால் அது வேறு கதை.

பார்ப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். ஜப்பானுக்குள் விற்ற வாகனத்துக்கு செஸி நம்பர் சில எழுத்தும் எண்ணும், நடுவில் ஒரு கோடு, பிறகு ஆறு அல்லது ஏழு எண் என்று இருக்கும். வாகனப் புத்தகத்திலும் வாகனத்தில் அடித்த தகட்டிலும் பார்க்கலாம். அந்தந்தக் கம்பனியின் ஜப்பானிய இணையத்தளத்தில் ரீகோல் தேடும் பக்கம் இருக்கிறது. பக்கம் ஜப்பானிய மொழியில்தான், ஆனால் கைத்தொலைபேசியே மொழிபெயர்த்துக் காட்டும். நம்பரை அடித்தால் அந்த ஒரு வாகனத்துக்கு என்னென்ன ரீகோல், எது முடிந்தது, எது முடியவில்லை என்று வரும். ஜப்பானில் ரீகோலுக்குக் கீழே இன்னும் இரண்டு படிகள் உண்டு: மேம்பாட்டு நடவடிக்கை ஒன்று, சேர்விஸ் கம்பெயின் மற்றது. அவையும் அங்கேயே தெரியும். இன்னொரு வழி, சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, கதவு கொளுவும் கொக்கிக்குப் பக்கத்தில் பாருங்கள். ரீகோல் வேலை முடிந்தால் இலக்கம் போட்ட சிறு ஸ்ரிக்கர் ஒட்டுவது அங்கே பல வருஷ வழக்கம். ஸ்ரிக்கர் உரிந்தும் போயிருக்கலாம், ஆகவே நம்பரை அடித்துப் பார்ப்பதே உறுதி.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ரீச்சர் ஒருவர் வவுனியாவில் சின்னக் கார் ஒன்று பார்த்தபோது இப்படித்தான் நம்பரை அடித்துப் பார்த்தோம். முன் இடது இருக்கை எயார் பாக் மாற்றப்படாமல் இருந்தது. விற்பவர், "அது ஜப்பான்காரருக்கு ரீச்சர், எங்களுக்கில்லை" என்றார். ரீச்சர் விடவில்லை. அந்த வாகனத்தின் முகவர் நிலையத்தோடு பேசி, பாகம் வரும்வரை காத்திருந்து, மாற்றிய பிறகுதான் மிச்சக் காசைக் கொடுத்தார். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். பிள்ளையை ஒவ்வொரு நாளும் அந்த இருக்கையில் வைத்துத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோக வேண்டியிருந்தது என்று பின்னர் சொன்னார்.

இதை ஒவ்வொரு ரீச்சரும் தனியாகச் செய்யவேண்டியிருப்பது நியாயமில்லை. லீசிங் கொடுக்கும் கம்பனிகள் வாகனத்தைப் பார்த்து மதிப்பிட ஆள் அனுப்புகின்றன. அந்த ஆள் செஸி நம்பரைப் படம் எடுத்துக்கொண்டுதான் போகிறார். அதே நம்பரை ரீகோல் பக்கத்தில் அடித்து, வந்த முடிவைத் தமிழில் ஒரு தாளில் வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். காப்புறுதிக்காரரும் பெயர் மாற்றும்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் அதைச் செய்யலாம். கால போக நெல்லை விற்று ஐந்து வருஷம் தவணை கட்டப்போகும் ஒரு கமக்காரருக்கு, தான் எதற்குக் கட்டுகிறேன் என்று தெரிந்திருக்கும் உரிமை இருக்கிறது.

புது ஷேப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுதாக மாறி வந்த மொடலென்றால் முதல் இரண்டு வருஷத்தில் செய்ததை விட்டுவிடுங்கள். இடையில் வரும் சிறு மாற்றத்துக்குப் பிறகு செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது, அதற்குள் முதல் பிழைகளில் பல தொழிற்சாலையிலேயே திருத்தப்பட்டிருக்கும். முன்னதில் இருந்த எஞ்சினையும் கியர் பெட்டியையுமே வைத்துக்கொண்டு வெளி வடிவம் மட்டும் மாறியிருந்தால் பயம் குறைவு. எஞ்சின், கியர் பெட்டி, பற்றரி மூன்றும் ஒரே தரம் மாறியிருந்தால் பொறுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஓடிக்கொண்டிருப்பவர்கள் இன்றிரவே நம்பரை அடித்துப் பாருங்கள். எயார் பாக் ரீகோல் முடியாமல் இருந்தால் முகவரோடு பேசுங்கள், எழுத்தில் கேளுங்கள், பாகம் இல்லை என்றால் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். கராச்சில் அதைக் கழற்றவோ திறந்து பார்க்கவோ விடாதீர்கள், அது வெடிமருந்து. குறை சாரதிப் பக்கமென்றால் மாற்றும்வரை அந்த வாகனத்தை ஓட்டாமல் நிறுத்திவைப்பதுதான் சரி. முன் இடது பக்கமென்றால், மாற்றும்வரை அந்த இருக்கையில் ஒருவரையும் ஏற்ற வேண்டாம். பிள்ளைகள் பின்னால் இருக்கட்டும்.